அடுத்து எதைப் படிப்பது?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு, அடுத்தது எது என்று தெரியாமல் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறேன். நல்ல பட்டியல் ஒன்று கொடுங்களேன்."

கோபித்துக்கொள்ளாதீர்கள், பட்டியல் தர மாட்டேன். என் பட்டியல் என் பசிக்குப் போட்டது. உங்களுடையது, நீங்கள் இப்போது முடித்து வைத்தீர்களே, அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறது.

உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்தாதி, கோவை, புராணம் என்று ஏராளமாகப் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று விசாரித்தார். இல்லை. அதன்பிறகுதான் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உரையெழுதிய நச்சினார்க்கினியரோ வேறு நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக் காட்டிக்கொண்டே போகிறார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்வதில்லை! இந்த வரி எதில் வருகிறது என்ற குடைச்சலோடு சுவடிகளைப் புரட்டப் புரட்ட, கேள்விப்படாத நூல்கள் தலைகாட்டின. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. வளையாபதிக்கு அந்த யோகம் இல்லை; மற்றவர்கள் எடுத்தாண்டதால் தப்பிய சில பாடல்கள்தாம் மிச்சம்.

நமக்குச் சுவடி தேடும் பாடு இல்லை, ஒரு பென்சில் போதும். புத்தகத்தின் கடைசியில் வெற்றுத்தாள் ஒன்று இருக்கும் அல்லவா? படிக்கும்போது வேறொரு நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ வந்தால், அங்கே பெயரையும் பக்க எண்ணையும் குறித்துவிட்டு மேலே படியுங்கள். அங்கேயே நிறுத்திவிட்டுத் தேடக் கிளம்பினால் இரண்டும் கெட்டது. எனக்கு அப்படிப் பாதியில் நின்ற புத்தகங்கள் அநேகம். இரவல் புத்தகமென்றால் தனித்தாளில் எழுதுங்கள், நட்பு நீடிக்கும்.

முன்னுரை, அடிக்குறிப்பு, மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்பது, இவையெல்லாம் தெரிந்த வழிகள்தாம். எனக்குப் பிடித்தது சண்டை. ஆசிரியர் ஒருவரைப் பெயர் சொல்லி வரிந்துகட்டிக்கொண்டு மறுக்கிறார் என்றால் அந்த ஆளைத் தேடிப் படியுங்கள். மறுப்பவர் காட்டும் நாலு வரி வேறு, முழு நூல் வேறு. ஒருமுறை அப்படிப் போய், திட்டு வாங்கியவர் பக்கமே சாய்ந்துவிட்டேன். இன்னும் திரும்பவில்லை.

குறித்த பெயர்களை எல்லாம் படிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு புத்தகங்களின் கடைசித் தாளில் ஒரே பெயர் வந்திருக்கிறதா பாருங்கள். முதலில் அதை எடுங்கள்.