பார்ச்மென்ட் கடைசியில் வேகம் எடுத்தாரா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. ஒரு நேயர் கேட்கிறார்: "டோக்கியோ ஒலிம்பிக் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜமைக்காவின் ஹான்சில் பார்ச்மென்ட் பாதி தூரம் வரை பின்னால்தான் இருந்தார். கடைசியில் எப்படித் திடீரென்று வேகம் எடுத்தார்?"

அருமையான கேள்வி. ஆனால் அவர் வேகம் எடுக்கவில்லை. அந்த இடத்தில் யாருமே வேகம் எடுப்பதில்லை. உச்ச வேகம் பாதி தூரத்திலேயே வந்துவிடும், அதன்பிறகு எட்டுப் பேருக்குமே வேகம் குறையத்தான் செய்யும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவர் முன்னேறுவது போல நம் கண்ணுக்குத் தெரிகிறது.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும்: தடை ஓட்டம் என்பது தாண்டுவதல்ல, தாளம். மறுபடியும் சொல்கிறேன். பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர் உயரம். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே 9.14 மீட்டர். அதற்குள் மூன்றே எட்டு வைக்க வேண்டும். டக், டக், டக், மேலே. டக், டக், டக், மேலே. தடையைத் தட்டிவிட்டால் தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே தள்ளாதவரை குற்றமில்லை. ஆனால் தட்டினால் தாளம் கெடும். தண்டனை அதுதான்.

பார்ச்மென்ட் உயரம் 1.96 மீட்டர். உயரமானவருக்கு இது சுலபம்தானே என்று தோன்றும். தடைக்கு மேலே போகும்போது சுலபம்தான், சிக்கல் எல்லாம் தரையில். தடையைக் கடப்பதற்கே சுமார் மூன்றரை மீட்டர் போய்விடுகிறது. மீதியை மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஓர் எட்டுக்கு இரண்டு மீட்டர்கூட வராது. சும்மா ஓடவிட்டால் அதைவிட எவ்வளவோ நீளமாக எட்டு வைக்கிற மனிதர் இவர். காலைச் சுருக்கிச் சுருக்கி வைக்க வேண்டும். தொடக்கத்தில் குனிந்த நிலையிலிருந்து அந்த நீள உடம்பு நிமிரவும் நேரம் பிடிக்கும். அதனால் அவர் முதலில் பின்தங்குவது வழக்கம்.

இப்போது 2021 ஆகஸ்ட் 5-ஐப் பாருங்கள். போட்டியில் அமெரிக்காவின் கிராண்ட் ஹாலோவே. அந்த ஜூனில்தான் 12.81 நொடியில் ஓடியிருந்தார், உலக சாதனைக்கு நொடியில் நூறில் ஒரு பங்குதான் மிச்சம். தொடக்கத்தில் அவரை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் கடைசித் தடைகளில் அவர் தாளம் கலைகிறது, பார்ச்மென்டின் தாளம் கலையவில்லை. பார்ச்மென்ட் 13.04 நொடியில் முதலிடம், ஹாலோவே 13.09. மூன்றாவது 13.10, இன்னொரு ஜமைக்கர், ரொனால்ட் லெவி. அந்த ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பார்க்கும்போதெல்லாம் என் விரல் தானாக மேசையில் டக், டக், டக் என்று தட்ட ஆரம்பித்துவிடும்.

பேருந்துக் கதையையும் சொல்லியாக வேண்டும். அரையிறுதி நாளில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தவறான பேருந்தில் ஏறி, நீச்சல் அரங்கத்தில் போய் இறங்கிவிட்டார். திரும்பிப் போய் வேறு பேருந்து பிடித்தால் உடலைச் சூடுபடுத்த நேரம் இருக்காது. அங்கே இருந்த தன்னார்வலப் பெண் ஒருவர் டாக்சிக்குத் தன் பணத்தைக் கொடுத்தார். தங்கம் வென்றபின் பார்ச்மென்ட் அவரைத் தேடிப்போய்ப் பதக்கத்தைக் காட்டி, பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

சரி, நீங்கள் கேட்டது கடைசிச் சில மீட்டர்களைப் பற்றி. என்னை யாராவது அதற்கு முந்தைய ஒன்பது வருடங்களைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது. 2012 லண்டனில், 22 வயதில் வெண்கலம். 2014-இல் பாரிஸில் 12.94, அப்போது அது ஜமைக்காவின் தேசிய சாதனை. 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் வெள்ளி. அடுத்து 2016 ரியோ ஒலிம்பிக், அதற்குக் காயத்தால் போகவே முடியவில்லை. அங்கே இந்த ஓட்டத்தில் ஜமைக்காவின் முதல் தங்கத்தை வென்றவர் ஓமர் மெக்லியாட். அடுத்த வருடம் அவர் 12.90 ஓடி தேசிய சாதனையையும் எடுத்துக்கொண்டார். தனக்கு வரும் என்று நினைத்திருக்கக்கூடியதெல்லாம் சொந்த நாட்டுக்காரருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். டோக்கியோவுக்கான தேர்வுப் போட்டியிலும் மூன்றாம் இடம்தான். அணியில் இடமே மூன்று பேருக்குத்தான்.

அதற்கப்புறமும் கதை முடியவில்லை. 2022 ஜூலை, அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலகப் போட்டி இறுதி. உடலைச் சூடுபடுத்தும்போது தடையில் இடித்துக் காயம், ஓடவே முடியவில்லை. பதினான்கு மாதம் கழித்து அதே யூஜீன், அதே ஹேவர்ட் ஃபீல்ட் அரங்கம், டயமண்ட் லீக் என்னும் வருடாந்திரத் தடகளத் தொடரின் இறுதி. வயது 33. பத்துத் தடைகளையும் கடந்து முதலாவதாக வந்தபோது நேரம் 12.93. அவர் வாழ்நாளிலேயே அதுவரை ஓடாத நேரம்.