பதறாத காரியம் சிதறாது: பரோலோவும் அதன் பீப்பாயும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, உணவக மேலாண்மைக் கல்லூரியின் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் சமையற்கலை வல்லுநர்களே, நாளை விருந்தினர் முன் பாட்டிலைத் திறக்கப்போகிற மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இத்தாலிய ஒயினைப் பற்றிப் பேச ஒரு முழு மாலையை ஒதுக்கித் தந்த விழாக் குழுவினருக்கும் என் நன்றி.

மண், பழம், மரம் ஆகிய மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. பழத்திலிருந்து தொடங்குகிறேன்.

பரோலோ ஒரு சிவப்பு ஒயின். அது விளைவது வடமேற்கு இத்தாலியில், பீட்மாண்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளில். 11 ஊர்களின் நிலத்துக்கு மட்டுமே அந்தப் பெயருக்கு உரிமை உண்டு. திராட்சையும் ஒரே வகைதான், நெபியோலோ. வேறு எதையும் கலக்கக் கூடாது. இந்தக் கொடி முந்தித் துளிர்க்கும், பிந்திப் பழுக்கும். குன்றில் பனிமூட்டம் இறங்குகிற அக்டோபரில்தான் அறுவடை. சாறு பார்ப்பதற்கு வெளிறியிருக்கும். வாயில் வைத்தால் கடுக்காயைக் கடித்த மாதிரித் துவர்க்கும். புளிப்பும் தூக்கல். அந்தத் துவர்ப்பை அடக்கக் காலம் ஒன்றால்தான் முடியும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது பரோலோவுக்கு அப்படியே பொருந்தும்.

பழைய முறையில் பழத்தை நசுக்கித் தொட்டியில் விட்டால், நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளிக் கனத்த ஆடையாகக் கட்டிவிடும். ஆடை காற்றில் காய்ந்தால் காடி நுண்ணுயிர் பிடித்து ஒயின் புளித்துப்போகும். அதனால் தொட்டிக்குள் குறுக்கே பலகை பொருத்தித் தோலைச் சாற்றுக்குள்ளேயே அமிழ்த்தி வைப்பார்கள். 30 நாள், சில ஒயின் குடும்பங்களில் 50 நாள்கூட ஊறும். பிறகு வடித்து, போத்தே எனப்படும் பெரிய ஓக் பீப்பாயில் ஏற்றுவார்கள். சட்டப்படி, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் கணக்கிட்டு 38 மாதம் முதிர வேண்டும். அதில் 18 மாதம் மரத்தில். லேபிளில் ரிசர்வா, அதாவது கூடுதலாக முதிர்ந்தது, என்று போட வேண்டுமானால் 62 மாதம்.

பீப்பாயில் ஏற்றிவிட்டோமே என்று சும்மா இருக்க முடியாது. மரத்தின் வழியே ஒயின் ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தை அதே ஒயினால் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். நிரப்பத் தவறினால் அங்கேயும் காற்றுதான் எமன்.

இந்தப் பீப்பாயால் ஒரு குடும்பமே பிளந்தது. பரோலோ விளையும் லா மோரா ஊரின் ஒயின் விவசாயி எலியோ அல்தாரே, இளைஞராக 1976இல் பிரான்சின் பர்கண்டிக்குப் போனார். அங்கே சின்னப் பீப்பாய், சுத்தமான நிலவறை, விவசாயி வீட்டில் வசதி. தம் ஊரிலோ நல்ல ஒயினுக்கும் விலை கிடையாது. பழைய பீப்பாய்களில் குதிரை லாய வாடை. ஊர் திரும்பியதும், மிச்சப் பழமாவது செறிவாகப் பழுக்கட்டும் என்று கொடியில் காய்களைக் கழித்துவிட்டார். விளைச்சலைத் தரையில் கொட்டுகிறானே என்று பெரியவர்கள் வயிறெரிந்தார்கள். 1983இல் ரம்பப் பொறியை எடுத்தார். தோட்டத்துப் பழமரங்களை வெட்டினார். அத்தோடு விடவில்லை, நிலவறைக்குள் போய் அப்பாவின் பெரிய பீப்பாய்களையே அறுத்துத் தள்ளினார்! மகனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அப்பா முடிவு கட்டினார். சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைத்தார். அந்த எழுத்தை மாற்றாமலே 1985இல் கண்மூடினார். பிறகு, தாம் உழைத்த நிலத்தையே உடன்பிறந்தவர்களிடம் விலை கொடுத்து வாங்கினார் எலியோ.

மறுகரையில், பழைய முறையை விடாத பரோலோ தயாரிப்பாளர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. சிறிய பீப்பாயை, அதாவது பாரிக்கை, கடைசி வரை வீட்டுக்குள் விடாதவர். பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்தவர்; "பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று பாட்டில் லேபிளிலேயே கைப்பட வரைந்து எழுதினார்.

யார் பக்கம் நியாயம்? சுத்தம் வேண்டும் என்றதில் எலியோ சொன்னது சரி. மரத்தில் நான் மஸ்கரெல்லோ பக்கம். 5,000 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால் 225 லிட்டர் பாரிக்கில் ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய 3 மடங்கு மரப்பரப்பைத் தொடுகிறது. அதனால் ஒயின் சீக்கிரம் பக்குவப்படும். ஆனால் புது மரமானால் வெனிலா வாசம் ஏறி, நெபியோலோவின் ரோஜா மணத்தையும் தார் மணத்தையும் அமுக்கிவிடும். அவசரத்தின் விலை அது. பதறாத காரியம் சிதறாது; இன்று லாங்கேயில் பலர் பெரிய பீப்பாய்க்கே திரும்பியிருக்கிறார்கள்.

ஆனால் எந்த அளவுப் பீப்பாய் என்று லேபிளில் போடச் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆகவே மாணவர்களே, இந்த மேடையில் நான் கேட்பது ஒன்றே. உங்கள் மெனு அட்டையில் 'பரோலோ' என்று மொட்டையாகப் போடாதீர்கள். அறுவடை ஆண்டு, ஊர், பீப்பாய் அளவு மூன்றையும் போடுங்கள். இறக்குமதியாளரிடம் கேளுங்கள், சொல்லாவிட்டால் மறுபடி கேளுங்கள். காசு கொடுக்கிற விருந்தினருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

மண்ணைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். பரிமாறுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை 13 டிகிரி அளவில் படுக்கவைத்துச் சேமியுங்கள். முதிர்ந்த பாட்டிலானால் முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் இறங்கட்டும். கழுத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்து, ஒரே சாய்ப்பில் மெதுவாக வடியுங்கள். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். 16 முதல் 18 டிகிரியில் ஊற்றுங்கள். கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். விருந்தினர் அதைப் பார்த்து "ஒயின் வெளிறிப்போச்சே" என்றால், நெபியோலோ முதிர்ந்த நிறமே அதுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.