ஆயாக்கொட்டகையைத் திறந்து விடுங்கள்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றின் ஆலய மண்டபத்தில், சிறுவர் வாசிப்பு இயக்கத்தின் தொடக்க நாளில் ஆற்றிய உரை)

அவைத் தலைவராக அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் அவர்களே, கோலாலம்பூரிலிருந்து விடியலிலேயே புறப்பட்டு வந்திருக்கும் டத்தோ அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் வர முடியாததால் அவர் சார்பில் வந்திருக்கும் செயலாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, பள்ளி வாரியத்தாரே, குருக்கள் ஐயா அவர்களே, பின்கட்டில் மீகூன் கிண்டிக்கொண்டிருக்கும் மாதர் பிரிவுச் சகோதரிகளே (வரவேற்புரையில் உங்களை விட்டுவிட்டார்கள், நான் சேர்த்துக்கொள்கிறேன்), எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

டத்தோ பட்டம் பெற்ற நம் விருந்தினரைப் பற்றி ஒரு வார்த்தை. இவருடைய தாயார் இதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது இவரை, தொழிலாளர் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போவார். டத்தோ, நீங்கள் தொட்டிலில் கிடந்த அந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறது. அதை இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

மூன்று செய்திகள் பேசுவதாக ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசிப்பு ஏன் தடுமாறுகிறது, வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம், கைப்பேசியை என்ன செய்வது.

முதலாவதற்கு வருகிறேன். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று என் பேத்தியே கேலி செய்கிறாள். செய்யட்டும். 'க' என்று ஓர் எழுத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கடல் என்னும்போது அது ஒரு மாதிரி ஒலிக்கிறது, பகல் என்னும்போது வேறு மாதிரி, தங்கம் என்னும்போது இன்னொரு மாதிரி. எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று. இதைக் கண்ணால் மட்டும் பார்த்துப் படிக்க முடியுமா? வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் வர வேண்டும். 'கொடி' என்று எழுதினால் முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். கொம்பைப் பார்த்த பிள்ளை 'கெ' என்று ஆரம்பித்துவிட்டு, காலைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். அதற்குள் மூன்று மொழிகள் வேறு. முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும்போதே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் அந்தக் குழந்தையின் புத்தகப்பையில் ஏறிவிடுகின்றன.

வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாடம் வாசிக்கும்போது எந்த வாய் வாசிக்கிறது, எந்த வாய் சும்மா அசைகிறது என்று ஓர் ஆசிரியையால் கண்டுபிடிக்க முடியுமா? அவரைக் குறை சொல்லவில்லை. வாசித்த நூல்களைக் குறித்து வைக்கும் நீலாம் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பிள்ளை வரிசையாகப் பல தலைப்புகள் எழுதியிருக்கும். கதைச் சுருக்கம் அட்டையின் பின்பக்கத்திலிருந்து அப்படியே இறங்கியிருக்கும். 2010-இல் கல்வி அமைச்சு லினஸ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மலாய் வாசிப்பையும் கணக்கையும் சோதித்தார்கள், பிறகு ஆங்கிலத்தையும் சேர்த்தார்கள். ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வும் 2021-இல் போய்விட்டது. பிள்ளை தமிழ் வாசிக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். செந்தமிழும் நாப்பழக்கம்!

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தவர்கள் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்து ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் சாயங்காலம் பத்திரிகை வாசிப்பார். வெளிக்காட்டு வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுப் பெண்களும் ஆண்களும் பெஞ்சைச் சுற்றிக் கூடுவார்கள். முதலில் ரப்பர் விலை, அப்புறம் ஊர்ச் செய்தி, கடைசியில் தொடர்கதை. அந்தக் கதையின் நாயகிக்குக் கொடுமைக்கார மாமியார். எங்கள் பெண்கள் அந்த மாமியாரைத் திட்டாத திட்டு இல்லை. ஒருநாள் பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கதை நிற்கலாமா? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுப் பெண், ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவள், அவளைப் பெஞ்சில் தூக்கி நிறுத்தினார்கள். பிள்ளை ரப்பர் விலையைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். பிறகு தொடர்கதை. இரண்டு வரி போயிருக்கும். 'இறந்துபோன தன் மனைவியின் படத்துக்கு மாலையிட்டு' என்று வாசித்தாள் பாருங்கள், கடை ஓசையற்றுப் போனது. யார் மனைவி? எப்போது இறந்தாள்? நேற்றுத்தானே அவளுக்கு வளைகாப்பு நடந்தது! பழைய தாள்களை எடுத்துப் புரட்டினால், நாயகி செத்து மூன்று வாரம் ஆகியிருக்கிறது. பெரியவருக்கு அவளைச் சாகடிக்க மனசு வரவில்லை. மூன்று வாரமாகப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு தன் கதையை வாசித்திருக்கிறார், வளைகாப்பு உட்பட!

கூட்டம் அவரைக் கோபித்துக்கொண்டது என்று நினைக்கிறீர்களா? பாதிப் பேர் 'பிள்ளையே வாசிக்கட்டும்' என்றார்கள். மீதிப் பேர், முக்கியமாகப் பெண்கள், 'எங்களுக்குத் தாத்தா கதைதான் வேணும்' என்றார்கள். அப்புறம் அந்த ஒட்டுக்கடையில் இரண்டு வாசிப்பு நடந்தது. முதலில் பேத்தி வயதுக்காரி அச்சில் உள்ளபடி வாசிப்பாள், பிறகு தாத்தா வாசிப்பார். இரண்டுக்கும் கூட்டம் இருந்தது. எங்களில் பலர் வாசிக்கப் பழகியது பள்ளியில் பாதி, அந்தப் பெஞ்சில் பாதி.

அந்தக் கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டன. மிச்சம் நிற்பது ஆயாக்கொட்டகை ஒன்றுதான். இப்போது அதற்குள் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், கதவுக்கு வெளியே ஒரு பூட்டு.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. எங்கே வைத்தார்கள்? பல தோட்டங்களில் லயத்துக் கோடி அறையில், ஆயாக்கொட்டகையில். பாடம் சொன்னவர் கணக்கெழுதும் கிராணியோ ஆள் மேய்க்கும் கங்காணியோதான். நம் கல்வி அப்படிப்பட்ட கொட்டகைகளில்தான் தொடங்கியது. அதே கூரையைத்தான் திரும்பக் கேட்கிறோம். வாரம் நான்கு மாலை, ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள், இருபது நிமிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். தவறினால் நிறுத்திச் சொல்லிக் கொடுத்து, அதே பக்கத்தை மறுபடி வாசிக்க வைக்க வேண்டும். இதற்கு மின்விசிறியும் விளக்கும் பாயும் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பாட்டிமாரும் வரலாம். நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது.

இந்த ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டத் தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கினார். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்த சனம் அந்தப் பத்து வெள்ளியில் முழுத் தோட்டங்களையே வாங்கியது. நாம் தோட்டத்தைக் கேட்கவில்லை. ஒரு கொட்டகையின் சாவியைக் கேட்கிறோம்.

இரண்டாவது செய்தி, வீட்டில் என்ன செய்வது. சோறு ஆக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் காது இருக்கிறதல்லவா? நாப்பழக்கம் அங்கேயும் நடக்கும். மூன்றாவதான கைப்பேசியை டத்தோ பேசட்டும், அவரிடம் இரண்டு இருக்கின்றன.

டத்தோ, நிர்வாகத்தின் தலைமையகத்தில் உங்களுக்கு ஆள் தெரியும். செயலாளர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் ஒரு கடிதம் போட்டால் பரிசீலனை கொஞ்சம் வேகமாக நகரும். நம் மனு பின்மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். மாதர் பிரிவிடம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போட்டவருக்குத்தான் மீகூன். நன்றி, வணக்கம்.