ஒரே முளையில் இரண்டு கயிறு

புதுச்சேரி, கடலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, கல்லூரி என்று எங்கு போனாலும் இன்று பதிவும் கணக்கும் சர்வரில்தான் இருக்கின்றன. அந்த ஒரு சர்வர் நின்றுவிட்டால் எல்லாமே நின்றுவிடும் என்பதால், இரண்டு அல்லது மூன்று சர்வர்களை இணைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று சில விநாடிகளில் அதன் பணியை ஏற்று நடத்தும்படி அமைக்கிறார்கள். இதையே கிளஸ்டர் என்கிறோம். அந்தச் சர்வர்களைப் பிணைக்கும் வலையமைப்பு இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலூரில் ஒரு மருத்துவமனையின் சர்வர் அறையை நான் கவனித்து வந்தேன். இரண்டு சர்வர்கள் இருந்தன. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்ளும். இதயத்துடிப்பு என்றே அதற்குப் பெயர். அந்தத் துடிப்புக்கும், தரவைப் பிரதி எடுப்பதற்கும் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கேபிள்கள் போட்டிருந்தோம். ஆனால் நான்கு கேபிள்களும் போய்ச் சேர்ந்தது, கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற ஒரே ஒரு சிறிய பெட்டியில். ஒரு மழை இரவில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அந்த ஸ்விட்ச் செயலிழந்தது. இரண்டு சர்வர்களும் நலமாகவே இருந்தன. ஒன்றின் துடிப்பு மற்றொன்றுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மற்றது இறந்துவிட்டது என்று இரண்டுமே முடிவு செய்து, மருத்துவமனைக் கணினிகள் தேடி வரும் பொது முகவரியை இரண்டுமே எடுத்துக்கொண்டன. மறுநாள் காலை நோயாளிப் பதிவு ஒரு சர்வரிலும் மருந்தகக் கணக்கு இன்னொன்றிலும் ஏறிக்கொண்டிருந்ததை நண்பகலில்தான் கண்டுபிடித்தோம். இரண்டையும் ஒன்றாக்க, காகித ரசீதுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தோம்.

ஒரே முளையில் இரண்டு கயிறு போட்டு மாட்டைக் கட்டினாலும், முளை பிடுங்கிக்கொண்டால் மாடு போய்விடும். ஆகவே கேபிள்களை எண்ணுவதை விட்டுவிட்டு, இரண்டு வழிகளும் எந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன என்று தேட வேண்டும். சர்வரிலிருந்தே தொடங்குவோம். ஒரே நெட்வொர்க் கார்டில் உள்ள இரண்டு போர்ட்டுகள் (கேபிள் செருகும் துளைகள்), அந்தக் கார்டு பழுதானால் சேர்ந்தே போகும்; எனவே ஒரு கேபிள் தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) உள்ள போர்ட்டிலிருந்தும், மற்றது தனிக் கார்டிலிருந்தும் புறப்படட்டும். அவை இரண்டும் இரண்டு தனி ஸ்விட்சுகளுக்குச் செல்லட்டும். அந்த ஸ்விட்சுகள் ஒரே யுபிஎஸ்ஸில் தொங்கக் கூடாது. நான் ஒரு வழிக்கு நீலக் கேபிளும் மற்றதற்கு மஞ்சள் கேபிளும் போடுவேன். நீலமும் மஞ்சளும் ஒரே பெட்டிக்குள் நுழைவது கண்ணில் பட்டால், பிழை அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கேபிள்களையும் ஒரே இணைப்பாகச் சர்வர் பார்ப்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் பாண்டிங் என்ற வசதி உண்டு. அதில் பல முறைகள் இருந்தாலும், ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கும் முறையையே பெரும்பாலான சிறிய இடங்களுக்கு நான் பரிந்துரைப்பேன். அதற்கு ஸ்விட்சில் எந்தத் தனி அமைப்பும் தேவையில்லை. இரண்டு கேபிள்களிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடும் எல்ஏசிபி முறை கவர்ச்சியானதுதான். ஆனால் இரண்டு தனி ஸ்விட்சுகளில் அதை நடத்த வேண்டுமானால், அவை தம்மை ஒரே ஸ்விட்சாகக் காட்டிக்கொள்ளும் திறன் படைத்தவையாக இருக்க வேண்டும்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று நூறு மில்லிவிநாடிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்ல தொடக்கம். எனினும் இந்தச் சோதனை, கேபிளின் மறுமுனையில் விளக்கு எரிகிறதா என்பதை மட்டுமே அறியும். ஸ்விட்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, அதற்கு அப்பால் உள்ள வழி அறுந்திருந்தால் இதற்குத் தெரியாது. அத்தகைய இடங்களில் அதே வலையமைப்பில் ஸ்விட்சுக்கு அப்பால் உள்ள ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் ஏஆர்பி சோதனையை வைக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பழுதான ஸ்விட்ச் திரும்பி வரும்போது அதன் விளக்கு உடனே எரிந்துவிடும். ஆனால் வலையமைப்பில் தரவு சுற்றிச் சுற்றி வரும் சுழல் ஏற்படாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் பழைய வடிவத்தில், அந்தப் போர்ட் பதினைந்து விநாடி கேட்டும் பதினைந்து விநாடி கற்றும் முடித்த பிறகே தரவை விடும். அதற்குள் சர்வர் "முதல் கேபிள் வந்துவிட்டது" என்று பழைய வழிக்குத் தாவினால், அரை நிமிடம் இருட்டில் பேசிக்கொண்டிருக்கும். பழுது ஏற்பட்டபோது தப்பித்த கிளஸ்டர், பழுது நீங்கியபோது விழுவதை நானே பார்த்திருக்கிறேன். திரும்புவதற்கு ஒரு தாமதத்தை அமைத்தோ, சர்வர் போர்ட்டுகளில் அந்தக் காத்திருப்பை நீக்கியோ இதைத் தவிர்க்கலாம்.

இதயத்துடிப்புக்கு வருவோம். கிளஸ்டரில் இந்தத் துடிப்பை நடத்தும் மென்பொருளான கோரோசிங்கின் மூன்றாம் பதிப்பில் எட்டு இணைப்புகள் வரை கொடுக்கலாம். இரண்டு கொடுத்தாலே பெரும் பாதுகாப்பு. இணைப்பு அறுந்தால் எந்தச் சர்வர் பணியைத் தொடர்வது என்பதைப் பெரும்பான்மை வாக்கே முடிவு செய்ய வேண்டும்; இரண்டு சர்வர் மட்டும் உள்ள இடத்தில் பெரும்பான்மை என்பதே கிடையாது என்பதால், மூன்றாவதாக ஒரு சிறிய கணினிக்கு வாக்களிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். எல்லா வழிகளும் அறுந்த நிலையில், பணியை ஏற்பதற்கு முன் மற்ற சர்வரின் மின்சாரத்தை நிறுத்தி, அது நின்றுவிட்டதை உறுதி செய்யும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும். அன்று அந்த மருத்துவமனையில் இது இருந்திருந்தால், ரசீதுகளை நாங்கள் எண்ணியிருக்க மாட்டோம்.

வெளி இணைப்பு பற்றிச் சுருக்கமாக: 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கினாலும், இரண்டு கேபிளும் ஒரே கம்ப வரிசையில் வந்தால் அது ஒரே இணைப்புதான். எந்தத் தெரு வழியாக, எந்தப் பாலத்தின் மேல் உங்கள் கேபிள் வருகிறது என்று கையெழுத்து போடும் முன்பே கேளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கும் முன், பணி குறைந்த ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்வரிடம் பதில் வருகிறதா என்று தொடர்ந்து கேட்கும் பிங் கட்டளை ஒன்றை ஓடவிட்டு, நீலக் கேபிளைக் கையால் உருவுங்கள். பச்சை விளக்கு அணையும். எத்தனை பதில்கள் தவறின என்று எண்ணுங்கள். கேபிளை மீண்டும் செருகி முழுமையாக ஒரு நிமிடம் காத்திருந்து எண்ணுங்கள். பிறகு மஞ்சள். பிறகு ஒரு ஸ்விட்சின் மின்சாரம். ஒவ்வொன்றையும் தேதியிட்டு, அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வரிசையில் செய்யப் போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.