கூ... டை... கொழுந்து!

(ஒரு வாணி விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பிள்ளைக்கு எழுத்து படிவது கண்ணாலா, காதாலா?’ காது அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, பெரியோரே, மழைக்கு ஒதுங்கிப் பின்னால் நிற்கும் அண்ணன்மாரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி சேர் ஒன்று கேட்டார். “எங்கள் பள்ளிக்கூட வாசலில் மேயும் கோழி தினமும் அ, ஆ கேட்கிறது. காதால் எழுத்து வருமென்றால் அது இந்நேரம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாஸாகியிருக்க வேண்டுமே?” நீங்களும் கை தட்டினீர்கள்.

சேர், அந்தக் கோழிக்குக் கண் இல்லையா? இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று! நீங்கள் சுவரில் ஒட்டிய எழுத்து அட்டையை இடக்கண்ணால் ஒரு தடவை, வலக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தானே முட்டை போடப் போகிறது? அது ஏன் பாஸாகவில்லை? காதில் விழுந்தால் மட்டும் போதாது, விழுந்ததை உடைத்துப் பார்க்க வேண்டும். பல், பழம், பம்பரம் மூன்றும் ஒரே சத்தத்தில் தொடங்குவதை, ஓர் எழுத்துகூடத் தெரியாத பாலர் வகுப்புப் பிள்ளை விளையாட்டிலேயே பிடித்துவிடும். கோழி பிடிக்காது. பாவம், அதை விடுவோம்.

என் அக்கா தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு டீச்சர். வகுப்பில் ஒரு பையன், தாய் கொழுந்து பறிக்கிறவர். அக்கா ஓர் அட்டையைக் காட்டினாள். மேலே கூடைப் படம், கீழே ‘கூடை’. பையன் விரல் வைத்துக் கூட்டினான். “கூ.” சரி. “டை.” சரிடா ராசா, சேர்த்துச் சொல்லு!

“கொழுந்து!”

அக்கா விடவில்லை. திருப்பிப் படிடா. கூ... டை... பையன் படத்தை உற்றுப் பார்த்தான். “முத்துன எலை!”

மூன்றாவது தடவை. கூ... டை... இப்போது அவன் முகத்தில் கவலை. “டீச்சர், இன்னும் நிறுக்கல போல!”

எதிரணி சேர், கண்ணால் படித்த படிப்பு இதுதான்!

அக்கா உள்ளங்கையால் படத்தை மூடினாள். “பனி மூடிருச்சுடா, ஒன்னும் தெரியாது. மேல்மலையில இருந்து அம்மா எப்படிக் கூப்பிடும்?” பையன் வாயைக் குவித்தான். “கூ...!” அக்கா எழுத்தைத் தொட்டாள். “இது அந்தச் சத்தம். இப்போ சுருக்கிக் கூப்பிடு.” “கு.” கு... டை? “குடை!” கூ... டை? “கூடை!” பையன் எழும்பி நின்றுவிட்டான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் மனனம் செய்தோமே, அதை அவன் கூவியே அளந்துவிட்டான். கண்ணுக்கோ கு, கூ இரண்டுக்கும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம்.

கொழுந்து என்றே எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, வாயில் முதலில் வருவதோ ‘க்’. அந்தக் ‘க’வும் கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. சிங்களத்தில் கல்லின் சத்தத்துக்கும் தங்கத்தின் சத்தத்துக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஒன்றுதான். எந்த இடத்தில் எந்தச் சத்தம் என்று பிள்ளைக்குச் சொல்வது எது? கோழியைக் கேளுங்கள் சேர்!

சரி, சிரித்தது போதும். எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், குப்பி விளக்குதான். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, “சத்தமாப் படி” என்பார். நான் ஓர் எழுத்தை விழுங்கினால் அடுப்பைப் பார்த்தபடியே, “ம்ஹும், அது பொருந்தல. திருப்பிப் படி” என்பார். திருப்பிப் படித்தால் பிழை அங்கேதான் இருக்கும். அம்மா எவ்வளவு படித்தவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து வயதில் ஒருநாள் சம்பளம் எடுக்க அம்மாவோடு போனேன். கிளாக்கர் ஐயா பேனாவை நீட்டவில்லை. மைப்பெட்டியைத் தள்ளினார். அம்மா என்னைப் பார்க்காமல் பெருவிரலை ஒற்றினார். விரலை இடுப்பில் கட்டிய படங்கில் துடைத்துக்கொண்டு, “வா, போவோம். வீட்டுல போய் அந்தப் பாடத்த மிச்சமும் படி, கேப்போம்” என்றார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். வணக்கம்.