நடந்து போனால் பாட்டில் காலி

விடுதி நாள் விழாவுக்கு என்னை அழைத்த மாணவர்களுக்கும், முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வார்டன் அவர்களுக்கும் வணக்கம்.

செமஸ்டர் தேர்வு, அரியர், பிராஜெக்ட் இவற்றைப் பற்றிப் புத்தி சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் சில்லறைத் தொல்லைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாளைக்குப் பிராக்டிகல். ரெக்கார்டு நோட்டில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. மூன்றாவது மாடிக்கு ஏறினால் சார் டீ குடிக்கப் போயிருக்கிறார். கேன்டீனுக்கு ஓடினால் இப்போதுதான் மாடிக்குப் போனாராம். சரி, குளித்துவிட்டுப் படிக்கலாம் என்று போனால், தலை நிறைய ஷாம்பு இருக்கும்போது குழாயில் காற்று வருகிறது. “மோட்டார் போடுங்கடா!” என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். மோட்டார் போட வேண்டியவனும் பக்கத்துக் குளியலறையில் ஷாம்புவோடுதான் நிற்கிறான்.

இந்த மாதிரி வெட்டி நடையால் நொந்துபோன மாணவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகம். 1980-களின் தொடக்கம். கணினித் துறை இருந்த வீன் ஹால் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கோக் இயந்திரம். தூரத்து அறையிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு நடந்து வந்தால், ஒன்று காலியாக இருக்கும். இல்லையென்றால் அப்போதுதான் நிரப்பியிருப்பார்கள், பாட்டில் வெதுவெதுவென்று இருக்கும்.

டேவிட் நிக்கல்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு இது பொறுக்கவில்லை. நாமாக இருந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதியிருப்போம். அவரும் நண்பர்களும் இயந்திரத்தையே உற்றுப் பார்த்தார்கள். பாட்டில் அடுக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறு விளக்கு. ஒரு பாட்டில் விற்றால் அது சில நொடி எரிந்து அணையும். வரிசையே தீர்ந்துவிட்டால் நிரப்பும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இது போதாதா? விளக்குகளிலிருந்து துறைக் கணினிக்கு ஓர் இணைப்பு கொடுத்தார்கள். ஐந்து நொடிக்கு மேல் விளக்கு எரிந்தால் காலி என்று நிரல் குறித்துக்கொள்ளும். அணைந்தால் யாரோ நிரப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். உள்ளே போய் மூன்று மணி நேரமான பாட்டில், கணக்கில் ‘குளிர்ந்தது’ ஆகிவிடும்.

இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த யாரும் அந்த இயந்திரத்தை விசாரிக்கலாம். ஊர்விட்டு ஊர் இருப்பவருக்கு அங்கே குளிர்ந்த கோக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! ஆனாலும் கேட்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். ஆய்வேட்டுக்கு இதனால் ஒரு பக்கமும் கூடியிருக்காது. வேலை கழுத்தை நெரிக்கும்போதுதான் விளையாட்டுப் புத்தி இவ்வளவு கூர்மையாகிறது என்பது என் கட்சி. ஓய்வாக இருப்பவனுக்கு நடந்து போய்ப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்திலும் இதே கூத்து நடந்தது. 1991-இல் காபிக் குடுவைக்கு எதிரே ஒரு கேமரா வைத்து, காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். 1993-இல் படம் இணையத்துக்கும் போனது. உலகமே அந்தக் குடுவையை வேடிக்கை பார்த்தது. 2001-இல் கேமராவை நிறுத்திவிட்டுக் குடுவையை ஏலம் விட்டார்கள். ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ இதழின் இணையப் பிரிவு அதை 3,350 பவுண்டுக்கு எடுத்தது. அப்போது அது காபி போடும் நிலையில்கூட இல்லை.

நன்றி, வணக்கம்.