எதுகை தெரிந்தவருக்கு ரைம் தூரமில்லை

வணக்கம். ஆங்கிலத்தில் பாட்டு எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த வார்த்தைக்கு ரைம் என்ன வரும்?" அந்த வார்த்தையைத் தாளில் எழுதிக் காட்டுவார்கள். நான் தாளைப் பார்க்க மாட்டேன், ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் ரைம் தேடுகிறவருக்கு எழுத்து பாதி நேரம் பொய்தான் சொல்லும்.

ரைம் என்றால் இயைபு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடியின் கடைசியில் ஒலி ஒன்றி வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் முதலில் எழுதிய ஆங்கில வரிகளில் ஒன்றை ரன்னிங் என்று முடித்து, அடுத்ததை சிங்கிங் என்று முடித்தேன். இரண்டிலும் 'இங்' இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது ரைமே இல்லை. ரன்னிங்குக்கு ஸ்டன்னிங், கன்னிங் வேண்டும். சிங்கிங்குக்கு ரிங்கிங், பிரிங்கிங் வேண்டும். இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. புரிந்தபோது, இதுக்குப் பக்கத்தில் இருப்பது இயைபு இல்லை, எதுகை என்று தெரிந்தது.

பட்டு, கட்டு, தட்டு. முதலில் வரும் மெய்யொலி மட்டும் மாறுகிறது, அதை ஒட்டிய உயிரொலியும் அதற்கப்புறம் உள்ள எல்லாமும் அப்படியே நிற்கின்றன. இதைத் தூக்கி அடியின் கடைசியில் வைத்தால் அதுதான் ஆங்கிலக்காரர்கள் சொல்லும் பெர்ஃபெக்ட் ரைம். ஒரே ஒரு நிபந்தனை: எதுகையை நாம் சீரின் முதலெழுத்திலிருந்து எண்ணுகிறோம், அவர்கள் அழுத்தம் விழும் இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். டிலைட் என்பதில் அழுத்தம் 'லைட்'டில் விழுவதால் முன்னால் நிற்கும் 'டி' கணக்கிலேயே வராது, நைட்டோடும் கைட்டோடும் அது நேராகச் சேர்ந்துகொள்ளும். பிரெசன்ட் என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு என்ற பொருளில் அழுத்தம் முன்னால் விழும், அப்போது அதன் ரைம் ப்ளெசன்ட். வழங்கு என்ற பொருளில் அழுத்தம் பின்னால் போய்விடும், அப்போது சென்ட், வென்ட், ரென்ட் எல்லாம் வரும். எழுத்தில் ஒரே வார்த்தைதான், ரைம் மட்டும் வேறு வேறு. தமிழில் வார்த்தைக்குள் அழுத்தம் இவ்வளவு பெரிய வேலை செய்வதில்லை என்பதால் நம் காது இதைக் கவனிக்கப் பழகவில்லை. பழக்கிக்கொள்ளலாம்.

சரி, ஒரு வார்த்தையை எடுத்துத் தேடிப் பார்ப்போம். ஹோம், வீடு. 'ஹ்'ஐ வெட்டி எறியுங்கள், மிச்சம் 'ஓம்'. இப்போது ஒவ்வொரு மெய்யொலியாக அதன் முன்னால் வைத்து, வாயால் சொல்லிப் பாருங்கள். ஃபோம், நுரை. ரோம், அலைவது, அதே ஒலியில் அந்த நகரமும் வரும். டோம், குவிமாடம். லோம், வண்டல் மண். நோம், கதைகளில் வரும் குள்ளன், எழுத்தில் முன்னால் ஒரு ஜி நிற்கும், வாயில் வராது. கோம், தலை வாரும் சீப்பு, கடைசி பி பேசாது, நம்மில் பலர் அதைக் கோம்ப் என்றே சொல்லிப் பழகியிருப்பதால் இந்த ரைம் நம் பட்டியலில் சேராமலே போய்விடும். அப்புறம் இரண்டு மெய்யைச் சேர்த்து வையுங்கள், க்ரோம் கிடைக்கும். எழுத்தைப் பார்த்துத் தேடியிருந்தால் கம், சம் என்று 'ஓஎம்இ'யில் முடிகிற வார்த்தைகளில் போய் விழுந்திருப்போம். அவை கண்ணுக்கு மட்டும் ரைம், அதை ஐ ரைம் என்கிறார்கள்.

தமிழ் எழுத்து தெரிந்த உங்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில வார்த்தையைத் தமிழில் எழுதினால் ஒலிதான் எழுத்தாகிறது. ஹைட், லைட், கைட் மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படுகின்றன, தமிழில் எழுதியதுமே ரைம் கண்ணில் படுகிறது. நான் இன்றும் இப்படித்தான் எழுதிப் பார்க்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: படுக்கையும் பந்தயமும் செல்லப் பிராணியும் தமிழில் பெட், பெட், பெட்தான். இதில் பந்தயமும் பிராணியும் சரியான ரைம், படுக்கையின் முடிவில் ஒலிப்பு வேறு, அது சேராது. ட, க, ப, ச எங்கே வந்தாலும் மறுபடி வாயால் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

இனி நியர் ரைம். இதை ஏதோ கிட்டத்தட்ட ஒத்துப்போவது என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதற்கும் ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்குக்கு நம் யாப்பில் பெயரே இருக்கிறது. இன எதுகை என்று படித்திருப்பீர்கள், வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம். ஹோமின் கடைசி 'ம்' மெல்லினம், ஆகவே 'ன்' வரலாம்: ஸ்டோன், அலோன், போன். பாடிப் பாருங்கள், மூக்கொலி நீண்டு ஒலிப்பதால் வித்தியாசமே தெரியாது. நைட்டுக்கு லைக், ஸ்ட்ரைப், அகலம் என்ற பொருளில் வரும் வைட் என்று வல்லினத்துக்குள்ளேயே சுற்றலாம். ல் இடையில் நுழைவதை ஆசிடை எதுகை என்கிறோம் அல்லவா, ஈரம் என்ற வெட், உருகு என்ற மெல்ட் இரண்டும் அப்படித்தான் சேர்கின்றன. பட்டுக்கு மெட்டு போல உயிர் மாறி மெய் மட்டும் நின்றால் அது கான்சொனன்ஸ், ஹோமுக்கு டைம், நேம், ட்ரீம் எல்லாம் வரும். உயிர் மட்டும் நின்று மெய் மாறினால் அஸொனன்ஸ், ஹோப், ரோட்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன், ஆன்மா என்ற சோலுக்கு எல்லாம் என்ற ஆலை வைத்தார், 19ஆம் நூற்றாண்டில். முதல் உலகப் போரில் சண்டையிட்டு 1918இல், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இறந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரெட் ஓவன், கூடம் என்ற ஹாலுக்கு நரகம் என்ற ஹெல் என்று முன்னும் பின்னும் மெய்யை நிறுத்தி உயிரை மட்டும் மாற்றினார். பெர்ஃபெக்ட் ரைம் கதவைச் சாத்துவது போல விழும், விஷயம் முடிந்தது என்று கேட்பவருக்குத் தோன்றும். போர்க்களத்தில் இறந்தவனைப் பற்றிய கவிதையில் அப்படி முடிந்துவிடக் கூடாது, அந்த ஒலி கொஞ்சம் உறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வார்த்தை கிடைக்காததால் நியர் ரைம் வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வார்த்தை கிடைக்காத இடமும் உண்டுதான். லவ்வைப் பாருங்கள். எத்தனை லட்சம் பாட்டு அதை வைத்து! புழக்கத்தில் உள்ள சரியான ரைம் நாலுதான்: அபவ், டவ், க்ளவ், ஷவ். மேலே, புறா, கையுறை, தள்ளு. ஆங்கிலக் காதல் பாட்டில் எப்போதும் வானமும் புறாவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூவ் கண் ரைம் மட்டுமே. ஆனால் 'வ்'க்குப் பதில் 'ஃப்' எடுத்துக்கொண்டால் இனஃப், ரஃப், டஃப் என்று ஒரு கதவு திறக்கிறது, போதும் என்ற சொல் காதலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது புறா சொல்லாத ஏதோ ஒன்றைச் சொல்கிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1775இல் ஜான் வாக்கர், வார்த்தைகளைக் கடைசி எழுத்திலிருந்து அடுக்கி ஓர் அகராதி போட்டார். அது எழுத்து வழி. இன்று கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியில் 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள் ஒலியும் அழுத்தமும் குறித்துக் கிடைக்கின்றன, கணினி அதில் கடைசி அழுத்தத்திலிருந்து ஒப்பிட்டு நொடியில் பட்டியல் தந்துவிடும். ஆனால் அது வட அமெரிக்க உச்சரிப்பு. பிரிட்டிஷ்காரருக்கு க்ளார்க், பார்க்கோடு சேரும். அமெரிக்கர் அதையே வர்க்கோடு சேர்ப்பார். யாருடைய வாய்க்கு எழுதுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் பட்டியலைக் கடைசியில்தான் திறப்பேன், கையால் தேடும்போது எந்தச் சொல் நம் விஷயத்துக்கு வேண்டும் என்பதும் கூடவே தெளிவாகிறது.

மன்த்துக்கு, அதுதான் மாதத்துக்கு, ரைம் என்ன என்று முன்வரிசையில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். புழக்கத்தில் சரியான ரைம் கிடையாது. ஆரஞ்சுக்கும் அப்படித்தான். நீங்கள் அந்தச் சொல்லை வரியின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பக்கத்தில் எந்தச் சொல் நின்றதோ அதைக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள். லாஸ்ட் மன்த் என்று முடிகிற வரியை மன்த் தட் பாஸ்ட் என்று திருப்பினால் ஃபாஸ்ட், காஸ்ட், வாஸ்ட் எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.